கொறங்காட்டு அந்துப்பூச்சிக்குப் பெயர் வைக்க அவசரம் வேண்டாம்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. அங்கே வரும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துச் செயலியில் போட்டால், ஒரே பூச்சிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சொல்கிறது. எப்படி அடையாளம் கண்டு பதிவது?

பதில்: செயலி மேல் கோபப்பட வேண்டாம். பகலில் கொழுக்கட்டைப் புல்லுக்குள் நடந்தால், கிலுகிலுப்பைச் செடியிலிருந்து வெளிறிய பூச்சி ஒன்று எழுந்து, நாலடி தள்ளிப் போய் ஒட்டிக்கொள்ளும். பாலாடை நிற இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். அது யூத்தெய்சா என்ற பேரினம். அந்தப் பேரினத்தில் லோட்ரிக்ஸ், புல்செல்லா என்ற இரண்டு இனங்களும் இந்தியாவில் உண்டு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பிரிப்பது எனக்கே சிரமம். அப்போது ‘யூத்தெய்சா’ என்பதோடு நிறுத்திவிடுங்கள். தப்பான முழுப் பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு யாரும் தேடிக் களைவதில்லை. கிலுகிலுப்பைக் காய்க்குள் புழு இருந்தால் அதையும் படமெடுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரவுக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழச் செய்தால் போதும், பூச்சிகள் அதில் வந்து உட்காரும். சாதாரண எல்இடி பல்பு சுமார்தான். புற ஊதாக் குழல் விளக்குக்குத்தான் கூட்டம் சேரும், அதை உற்றுப் பார்க்காதீர்கள். அமாவாசையை ஒட்டிய புழுக்கமான இரவு நல்லது. அந்துப்பூச்சி வாரம் என்று ஜூலைக் கடைசியில் பல நாடுகளில் கணக்கெடுப்பார்கள். உங்கள் பக்கம் அப்போது ஆடிக் காற்று வேட்டியைப் பட்டமாக்கிவிடும்! கிளுவை வேலி மறைவில் கட்டுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழை விட்ட இரவுக்குக் காத்திருங்கள். விடியும்முன் விளக்கை அணைத்து, வேட்டியை மெதுவாகப் புதர்ப் பக்கம் உதறிவிட வேண்டும். ஒரு தடவை நான் தூங்கிப்போய், என் பட்டியலில் பாதி கரிச்சான் வயிற்றுக்குள் போய்விட்டது.

படம் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய்க் காசு. தானாக இறக்கை விரித்தால் விடாதீர்கள். யூடோசிமா என்ற அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தால் காய்ந்த இலைபோலத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறப் பின்னிறக்கை தெரிந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்புறம் நோட்டு. இடம், விளக்கு வகை, ஏற்றிய நேரம், அணைத்த நேரம், காற்று, எண்ணிக்கை. நள்ளிரவு தாண்டினால் தேதி குழம்பும். ‘12-13’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றுமே வராத இரவையும் விட்டுவிடாதீர்கள்: “இரண்டு மணி நேரம், நல்ல காற்று, பூச்சி இல்லை.”