பால் சுறாவும் பட்டறைச் சட்டையும்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி கேட்கிறார்: மகளுக்குப் பிரசவமாகி 20 நாள். பால் ஊறட்டும் என்று சம்பந்தி அம்மா வாரம் மூன்று தடவை சுறாப் புட்டு செய்து அனுப்புகிறார். சுறாவில் பாதரசம் இருக்கிறது, தொடமாட்டேன் என்கிறாள் மகள். மருமகனுக்குப் பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் வேலை. மகள், மருமகன், பிள்ளை மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

மகள் சொல்வது சரிதான் அம்மா. சின்ன மீனைத் தின்று பெருத்து, பல வருடம் வாழும் மீன் சுறா. அத்தனை மீனின் பாதரசமும் அதன் சதையில் சேர்ந்துவிடும். அமெரிக்க அளவீடுகளில் சுறாவில் கிலோவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1 மில்லிகிராம், நெத்திலியில் 0.02க்கும் குறைவு. பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான். சம்பந்தியிடம் நெத்திலியோ கெம்போங் மீனோ (கானாங்கெளுத்தி) கேளுங்கள், மனம் கோணாது. சுறாவை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள பாதரசம் ஏறக்குறைய 50 நாளில் பாதியாகிவிடும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் கவலை மருமகனின் சட்டைமேல்தான். பேட்டரி உருக்கும் இடத்தில் ஈயத்தூசி துணியிலும் தலைமுடியிலும் ஒட்டி வீட்டுக்கு வரும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தை உடம்பு உறிஞ்சும். அடி வாங்குவது வளரும் மூளை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகம். ரத்தத்தில் ஈயம் பாதியாக ஒரு மாதம் போதும், ஆனால் எலும்பில் புகுந்தது பல வருடம் கிடக்கும். அதனால் பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். முடியாவிட்டால் செருப்பு வாசலில், குளியல் முதலில், பிள்ளையைத் தூக்குவது அப்புறம். அந்தத் துணியை உதறாமல் தனியாகத் துவையுங்கள்.

ஈயப் பரிசோதனை முதலில் மருமகனுக்கும் மகளுக்கும். விரல்நுனியில் குத்தி எடுப்பது வேண்டாம். தோலில் இருக்கும் தூசியே ஈய அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் அலகைப் பார்க்காமல் பயப்படாதீர்கள்: லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 5 என்பதும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னபடி, அந்த 5ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இருவரில் யாருக்கு அப்படி வந்தாலும் குழந்தையையும் டாக்டரிடம் காட்டுங்கள். மருமகன் டோஷில் (மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, நலத் துறை) பதிவுபெற்ற தொழில்சார் நல மருத்துவரைப் பார்க்கட்டும். "உலோகத்தைக் கழுவி எடுக்கிறோம்" என்று டிரிப் ஏற்றும் கடைகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்த மருந்து தவறினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி உயிருக்கே ஆபத்து.