தங்கச்சி பரீட்சை ஹாலுக்கு வர மாட்டாள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் குறைபாடு) இருப்பதால் பத்தாவது பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, அவன் சொல்வதை எழுத ஆளும் வைத்தார்கள். இப்போது ராணுவத்தில் சேர்ந்து அக்னிவீர் ஆகியே தீருவேன் என்கிறான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுகிறான். தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் தங்கைதான் மாதிரி வினாத்தாளைப் படித்துக் காட்டுகிறாள், அவளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. டிஸ்லெக்சியா சான்றிதழைச் சொல்லலாமா, மறைக்கலாமா?
- ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: சான்றிதழை முதலில் முடித்துவிடுவோம். கேட்டால் மறைக்கக் கூடாது. பொய் சொல்லிச் சேர்ந்தது தெரிந்தால் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சலுகையும் எதிர்பார்க்காதீர்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. ஆனால் போர்வீரர் பணிகளுக்கு அந்தச் சட்டத்தின் வேலைவாய்ப்பு விதிகளிலிருந்து மத்திய அரசு 2021-லேயே விலக்கு கொடுத்துவிட்டது.

சரி, இப்போது நான் கேட்கிறேன். பிளஸ் டூ படிக்கிற பெண்ணை ராத்திரி இரண்டு மணி நேரம் அண்ணனுக்குக் கண்ணாக உட்கார வைத்திருக்கிறீர்களே, அதை ஏதோ பால் பாக்கெட் வாங்கி வருகிற வேலை மாதிரி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்களே, அவள் எப்போது படிப்பாள்? அண்ணனுக்கு உதவுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண் பிள்ளையின் நேரம் என்றால் வீட்டில் யாரும் கணக்கே பார்ப்பதில்லை, இந்தக் கோபம் எனக்கு முப்பது வருஷமாக இருக்கிறது.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 34 வயது. இன்றும் பேங்க் சலானைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்புவார். திருச்சியில் கட்டிக்கொடுத்த அக்கா, கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று பதில் அடிப்பாள். அவர் முட்டாள் இல்லை. படித்துக் காட்ட எப்போதும் ஆள் இருந்தது, அதனால் தானாகப் படிக்கிற வழியைத் தேடவே இல்லை.

உங்கள் மகனுக்கும் அதுதான் நடக்கிறது. எழுத்துத் தேர்வு தாண்டினால்தான் ஓட்டத்துக்கே கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, தப்பு விடைக்கு மார்க் கழியும். தமிழிலேயே எழுதலாம், ஆனால் வாசிக்க வேண்டியது அவன்தான். அப்படியே தேர்வாகிப் போனாலும் நாலு வருஷம், அப்புறம் 100 பேரில் 25 பேருக்கு மேல் நிறுத்திக்கொள்வதில்லை. 24 வயதில் திரும்பி வருகிறவனுக்கு யார் படித்துக் காட்டுவது? கட்டிக்கொண்டு வருகிறவளா?

தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, வாசிப்புப் பயிற்சிக்கு வழி கேளுங்கள். அவனே பஸ் ஏறிப் போய்க் கேட்கட்டும்.

இன்று ராத்திரி அவனை ஒரு ரூமில் 50 கேள்வியோடும் கடிகாரத்தோடும் தனியாக உட்கார வையுங்கள். அவளை அவள் புத்தகத்தோடு விடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கேள்வி முடித்தான் என்று எனக்கு அவனே எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. நீங்கள் எழுதி அனுப்ப வேண்டாம்.