செப்பைச் சேர்த்ததும் கூடிய மெதேன் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சம்மாந்துறையில் இறுதியாண்டு இரசாயனம் படிக்கிறேன். தைத்தானியமீரொட்சைட்டுத் தூளைச் செப்பு அசற்றேற்றுக் கரைசலில் நனைத்து உலர்த்தினேன். அதை நீரில் கலந்து, காபனீரொட்சைட்டு செலுத்தி வெயிலில் வைத்தபோது, செப்பில்லாத தூளைவிடப் பல மடங்கு மெதேன் கிடைத்தது. ஒளி பட்டதும் தாக்கத்தைத் தூண்டும் இந்த ஒளியூக்கியை இன்னும் மேம்படுத்துவது எப்படி? அரிசி ஆலைப் புகையை நேரடியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த மெதேன் காபனீரொட்சைட்டிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? ஒளிபட்ட தைத்தானியமீரொட்சைட்டு அசற்றிக் அமிலத்தை உடைத்து மெதேன் தரும் என்பது 1970களிலேயே கண்டறியப்பட்டது. நீங்கள் உலர்த்தியதோடு நிறுத்தியதால், அந்த அமிலத்திலிருந்து வரும் அசற்றேற்று தூளிலேயே இருக்கிறது. செப்பைக் கூட்டினால் அதுவும் கூடும், மெதேனும் கூடும். பெயர் மட்டும் செப்புக்குப் போய்விடும். ஊக்கியில் ஒட்டிய சேதன மாசை நம்பி ஏமாறுவது இத்துறையின் பழைய நோய்.

ஆகவே காபனீரொட்சைட்டுக்குப் பதில், எதனோடும் தாக்கமுறாத ஆகன் வாயுவைச் செலுத்தி அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் மெதேன் வந்தால் சந்தேகம் உறுதி. காபன் இல்லாத செப்பு நைத்திரேற்றுக்கு மாறி, தூளைக் காற்றில் ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் சுட்டு, ஆகனில் மெதேன் நிற்கும்வரை ஒளியூட்டிய பிறகே அளவிடத் தொடங்குங்கள். காபனின் பாரமான வகையான காபன்-13 கொண்ட காபனீரொட்சைட்டும், மெதேனில் அது இருக்கிறதா என்று காட்டும் திணிவு நிறமாலைமானியும் கிடைத்தால் ஐயம் முழுவதும் தீரும்.

இனி மேம்பாடு. அனற்றேசு என்ற பளிங்கு வகைத் தைத்தானியமீரொட்சைட்டின் சக்தி இடைவெளி, அதாவது ஓர் இலத்திரனை எழுப்ப ஒளி தரவேண்டிய குறைந்தபட்சச் சக்தி, 3.2 இலத்திரன்வோல்ற்று. ஏறத்தாழ 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமே அதற்குப் பயன்படும். தரைக்கு வரும் வெயிலில் அந்தப் பகுதி ஐந்து வீதம்கூடத் தேறாது. உங்கள் நிலையில் நான் காபன் நைத்திரைட்டு என்ற வேறோர் ஒளியூக்கியைத்தான் தேர்வேன். மூடிய புடக்குகையில் யூரியாவை 550 பாகையில் சில மணி நேரம் சூடாக்கினால் மஞ்சள் தூளாகக் கிடைக்கும். 460 நனோமீற்றர் வரையான நீல ஒளியையும் உறிஞ்சும். வயல் சூழ்ந்த அம்பாறையில் யூரியாவுக்கா பஞ்சம்? ஆனாலும் உர மூட்டையை விட்டு ஆய்வுகூடத் தரத்தையே எடுங்கள். அமோனியா கிளம்பும் என்பதால் புகைபோக்கி அறை கட்டாயம். பெரும் பகுதி வாயுவாகிப் போய்விடும். கையில் எஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒளியை உறிஞ்சுவதால் மட்டும் வேலை முடியாது. ஒளியால் எழுந்த இலத்திரன்களில் பெரும்பாலானவை, தாம் விட்டுவந்த வெற்றிடங்களான துளைகளுடன் மீண்டும் சேர்ந்து வெப்பமாக வீணாகின்றன. காபன் நைத்திரைட்டையும் தைத்தானியமீரொட்சைட்டையும் நெருங்கித் தொடும்படி சேர்த்துச் சுட்டால் இலத்திரன்களையும் துளைகளையும் பிரித்து வைக்கலாம். தப்பிய இலத்திரன்களுக்கும் நீரில் போட்டி உண்டு. ஒரு லீற்றர் நீரில் 25 பாகையில் கரையும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1.5 கிராம் மட்டுமே, நீரோ எங்கும் இருக்கிறது. இலத்திரன்கள் ஐதரசனை உண்டாக்கவே ஓடும். பிளாட்டினம் சேர்த்தால் இது இன்னும் மோசமாகும். தூளைக் கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாகப் பூசி, ஈரமான காபனீரொட்சைட்டில் வைத்துப் பாருங்கள். மெதேனுக்கு எட்டு இலத்திரன்கள் வேண்டும், காபனோரொட்சைட்டுக்கு இரண்டே போதும். ஆகவே காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்தே அளவிடுங்கள்.

வெயிலை விட்டு எல்ஈடி விளக்குக்கு மாறுங்கள். மார்கழி மழைக்கால முகிலுக்கு நடுவே ஒரு நாள் முடிவை மறுநாளோடு ஒப்பிடவே முடியாது.

ஆலைப் புகை வேண்டாம். அதிலுள்ள ஒட்சிசன் இலத்திரன்களை முந்திப் பறித்துவிடும். புகைக்கரியோ நீங்கள் இப்போது விரட்டப் பார்க்கும் அதே சேதன மாசுதான். உருளையில் வரும் தூய வாயுவே போதும்.