மினிட் புத்தகம் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஒரு பேரூராட்சியில் நான் வார்டு கவுன்சிலர். மகளிர் வார்டாக மாறியதால் வீட்டில் என்னை நிற்க வைத்தார்கள். மாமனார், கொழுந்தனார் குடும்பம், நாங்கள் எல்லோரும் ஒரே வீடு, ஒரே சமையல். கொழுந்தனார் கான்ட்ராக்டர். எங்கள் வார்டு வடிகால் வேலை அவருக்குத்தான் கிடைத்தது. தப்பாகிவிடக் கூடாதே என்று, அந்தத் தீர்மானம் வந்த அன்று நான் கூட்டத்துக்கே போகவில்லை. சாயங்காலம் கொழுந்தனாரே, கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தை எடுத்துவந்தார், கையெழுத்து மட்டும் போட்டேன். இப்போது வடிகாலில் தண்ணீர் தேங்குகிறது. பில்லை நிறுத்துங்கள் என்று தெருவில் கேட்கிறார்கள். நிறுத்தினால் குடும்பம் உடையும். குடும்பமா, ஊரா?
பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: குடும்பமா ஊரா என்ற கேள்வி டெல்டாவிலிருந்து எனக்கு நிறைய வருகிறது. அதை அப்புறம் பார்ப்போம். ‘கையெழுத்து மட்டும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே வாருங்கள்.

பேரூராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டிய புத்தகம், வேலை எடுத்த கான்ட்ராக்டரின் கையில் எப்படி வந்தது? அதை நீங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கூட்டத்துக்குப் போகாமல் ஒதுங்கியதாகச் சொல்கிறீர்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கோ, அன்று நீங்கள் வந்திருந்தீர்கள், கொழுந்தனாருக்கு வேலை கொடுக்கச் சம்மதித்தீர்கள். ஒதுங்கியதற்குச் சாட்சி இல்லை. கலந்துகொண்டதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

அண்ணி தாய்க்குச் சமம் என்று சொல்கிற ஊர் நம்முடையது. தாய்க்குச் சமமானவளிடம் பொய்க் கையெழுத்து வாங்குகிறவர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாரா? உள்ளாட்சியில் பெண்களுக்கான இடத்தை 2016-இல் பாதியாக உயர்த்தினார்கள். கொழுந்தனார் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடவா அந்த இடம்? எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

உள்ளாட்சி வேலையின் ஒப்பந்தத்தில் உறுப்பினருக்கே பங்கு இருந்தால் பதவி போகும் என்பது சட்டம். ஒப்பந்தம் உங்கள் பேரில் இல்லை, சரி. ஆனால் ஒரே சமையல் என்கிறீர்கள். அந்த பில் பணத்தில் உங்கள் வீட்டுக்கு அரிசி வருகிறதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? சோழர் காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனைக் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்குகிறது. அதோடு விடவில்லை. அவன் தகப்பன், மகன், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன் என்று உறவு முறை சொல்லி விலக்குகிறது. பணம் எந்த வழியாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உள்ளாட்சி வழக்குப் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். உங்கள் பதவிக்கே ஆபத்து வரலாம், அதை நான் மறைக்கப் போவதில்லை. அப்புறம் செயல் அலுவலருக்குக் கடிதம்: அன்று கூட்டத்துக்கு வரவில்லை, கையெழுத்து பின்னால் வீட்டில் போட்டது, ஒப்பந்தக்காரர் என் கணவரின் தம்பி, ஒரே வீட்டில் இருக்கிறோம், இந்த பில் சம்பந்தமான எதிலும் கலந்துகொள்ள மாட்டேன், வேறு பொறியாளர் வந்து அளந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பில்லை நீங்கள் நிறுத்தவும் வேண்டாம், பாஸ் செய்யவும் வேண்டாம். உங்கள் கை அதில் படக் கூடாது, அவ்வளவுதான்.

கடிதம் கொடுப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி மாமனாரிடமும் கணவரிடமும் நீங்களே சொல்லுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. வெளியிலிருந்து அவர்கள் காதுக்கு வரக் கூடாது, அது நீங்கள் கொடுக்க வேண்டிய மரியாதை. இனிமேல் வீட்டாருக்குச் சம்பந்தமான பொருள் கூட்டத்தில் வந்தால் வீட்டில் பதுங்காதீர்கள். போய் உட்கார்ந்து, இன்ன உறவு என்று சொல்லி, அதை மினிட்டில் எழுத வைத்துவிட்டு எழுந்து வெளியே வாருங்கள்.

கொழுந்தனார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார், பொறுத்துக்கொள்ளுங்கள். டெல்டா தட்டையான மண். வடிகாலில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, கொஞ்சம் தப்பினாலும் தண்ணீர் வந்த வழியே திரும்பும், உங்கள் தெரு வாசலில்தான் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் தன் செலவில் வாட்டத்தைச் சரிசெய்து தரும்படி அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.