நின்றுபோன மாடல் ராக்கெட் கிட்களில் எது திரும்ப வர வேண்டும்?

கேள்வி: தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல் ராக்கெட் கிட்களில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால் எதைக் கேட்பீர்கள், ஏன்?

மாடல் ராக்கெட் கிட்கள் செய்யும் அமெரிக்க நிறுவனமான எஸ்டெஸின் ஆஸ்ட்ரோகேம் 110. யோசிக்கவே வேண்டாம்.

ராக்கெட்டின் தலையில் உட்காரும் சின்ன ஃபிலிம் கேமரா அது. 1979-இல் வந்தது. ஒரு முறை ஏவினால் ஒரே ஒரு படம். இறங்கி வந்ததும் ஓடிப்போய் எடுத்து, ஃபிலிமை நகர்த்தி, புது மோட்டார் (எரிமருந்து அடைத்த, ஒரு முறை மட்டும் எரியும் சின்னக் குழல்) போட்டு மறுபடி ஏவினால் அடுத்த படம். இது கடையிலிருந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மார்ஸ் லேண்டர், ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட், இன்டர்செப்டர், சென்டூரி நிறுவனத்தின் பழைய கிட்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட்டைப் பாருங்கள். முதுகில் ஒரு கிளைடரைச் சுமந்துகொண்டு மேலே போகும்; உச்சியில் கிளைடர் பிரிந்து தனியாக மிதந்து இறங்கும், சுமந்து போனது பாராசூட்டில் வரும். விண்வெளி ஓடத் திட்டத்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது 1972-இல். அதற்கு முன்பே பையன்கள் இதைப் பின்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கிட்கள் உண்மையில் நம்மை விட்டுப் போகவில்லை என்பது என் எண்ணம். அவற்றில் இருப்பது அட்டைக் குழாய், பால்சா மரத்தில் வெட்டிய ஃபின் (வால் இறக்கை), ஒரு நோஸ் கோன் (கூம்பு மூக்கு), ஒட்டும் படங்கள். அவ்வளவுதான். எஸ்டெஸ் குழாய்களுக்கு எண் உண்டு: BT-20, BT-50, BT-60 என்று. 1960-களில் BT-50 என்ன விட்டமோ இன்றும் அதே விட்டம்தான், 24.8 மில்லிமீட்டர். பழைய கிட்டின் வரைபடம் கையில் இருந்தால் குழாயை வாங்கி அளந்து வெட்டி, ஃபினை அச்சுப் பார்த்து அறுத்து, ஒரு மாதத்தில் அதையே கட்டிவிடலாம். இதற்கு இந்தப் பொழுதுபோக்கில் 'க்ளோன்' கட்டுவது என்று பெயர். அப்படிக் கட்டிய இன்டர்செப்டர் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் பூச்சை நாலு கை அடித்து, ஒவ்வொரு கைக்கும் தேய்த்து, மர ரேகை மறைந்து கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் பெயின்ட் அடித்தேன். அதைக் கடையில் விற்றாலும் விற்காவிட்டாலும் எனக்குக் குறை இல்லை.

பெரிய கிட்களை நிறுவனமே அவ்வப்போது திரும்பக் கொண்டுவருகிறது. நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன சாட்டர்ன் V ராக்கெட்டின் நூற்றில் ஒரு பங்கு அளவு கிட் எத்தனையோ முறை நின்று நின்று வந்திருக்கிறது. 2019-இல் அப்போலோ 11-இன் ஐம்பதாவது ஆண்டுக்கு வந்தபோது கிட் எண்ணையே 1969 என்று வைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கேமராவை அப்படிக் கட்ட முடியாது. லென்ஸ் வேண்டும், ஷட்டர் வேண்டும், ஒளி புகாத பிளாஸ்டிக் உடல் வேண்டும், அதற்கு அச்சு வேண்டும். வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை இல்லை அது. அட்டை ராக்கெட்டை ஆர்வலர்களே காப்பாற்றிக்கொள்வார்கள். ஆஸ்ட்ரோகேமை நிறுவனம் ஒன்றுதான் காப்பாற்ற முடியும்.

என்னிடம் அது வந்த கதையைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கொலராடோவில், டென்வருக்குத் தெற்கே. எஸ்டெஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வெர்ன் எஸ்டெஸ் 1961-இல் தொழிற்சாலையைக் கொண்டுபோய் வைத்த பென்ரோஸ் ஊர் இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகன் ஊருக்குப் போனார். என் மகள் பள்ளியில் ராக்கெட் செய்கிறாள் என்று தெரிந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஃபின் உடைந்த ராக்கெட் ஏழெட்டு. அடியில் பழைய துணியில் சுற்றி ஆஸ்ட்ரோகேம்.

ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன். வேலை செய்தது!

இனி ஃபிலிம். 110 என்பது கோடாக் 1972-இல் கொண்டுவந்த சின்னக் கேசட். உள்ளே பதியும் படம் 13-க்கு 17 மில்லிமீட்டர்தான், கட்டைவிரல் நகம் அளவு. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. இனி இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், 2012-இல் லோமோகிராஃபி நிறுவனம் புதிதாக 110 ஃபிலிம் செய்ய ஆரம்பித்தது. 'டைகர்' என்று பெயரிட்ட கலர் ஃபிலிம் இரண்டு வாங்கினேன்.

அப்புறம் மோட்டார். C6-7. இந்த எண்களைப் புரிந்துகொண்டால் கேமராவே புரிந்துவிடும். C என்பது மோட்டாரின் மொத்தத் திறன், 5-க்கு மேல் 10 நியூட்டன்-விநாடி வரை. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 7 என்பது, எரிந்து முடிந்த பிறகு எத்தனை விநாடி கழித்துப் பின்வெடிப்பு நடக்கும் என்பது. அந்த வெடிப்புதான் பாராசூட்டை வெளியே தள்ளுகிறது. மோட்டார் எரிவது இரண்டு விநாடி கூட இல்லை. பிறகு ஏழு விநாடி ராக்கெட் சும்மா ஏறி, உச்சியைத் தொட்டு, தலையைக் கவிழ்க்க ஆரம்பிக்கும். ஆஸ்ட்ரோகேமின் லென்ஸ் முன்பக்கம், அதாவது மேல்நோக்கித்தான் இருக்கிறது. தலை கவிழ்ந்த அந்தக் கணத்தில் வெடிப்பு கேமராவைக் குழாயிலிருந்து தள்ளும்போது ஷட்டர் திறந்து மூடும், பூமி படத்தில் விழும். கொஞ்சம் முந்தினால் வெறும் வானம். இதில் பேட்டரி இல்லை, மின்னணு இல்லை. ராக்கெட் விழத் தொடங்குவதையே கேமரா இயக்கும் வழியாக மாற்றிக்கொண்ட அந்தப் புத்தியை நினைத்து எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

"ஒரே ஒரு படம்தானாப்பா? எங்கே பார்க்கறது?" என்றாள் மகள். பார்க்க முடியாது, லேபுக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றேன். அவளுக்கு அது புதிது.

மூன்று வார இறுதிகளில் பதினோரு முறை ஏவினோம். ஒவ்வொரு முறையும் அவள் காற்றைப் பார்த்தாள், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தாள், ஏவுகம்பியை ஒரு விரற்கடை சாய்த்தாள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்: 'ஐந்தாவது, நேராகப் போனது, வேலி தெரியலாம்.' கேசட்டில் இன்னும் பதிமூன்று படம் மீதி இருந்தது. பொறுக்க முடியாமல் அப்படியே எடுத்து அனுப்பிவிட்டோம்.

பதினொன்றில் நாலு வெறும் நீலம். மூன்று கலங்கல். ஒன்றில் பாராசூட் கயிறு குறுக்கே. மூன்று படம் நன்றாக வந்தன. அதில் ஒன்றில் பழுப்புப் புல்வெளி, வேலியோரம் கரையாத பனிக் கோடு, எங்கள் கார், காருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். பெரிய புள்ளி நான், சின்னப் புள்ளி அவள். மணிகள் சிதறியது போல் சொரசொரப்பான படம்தான். ஆனால் அவள் நோட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, "இது அஞ்சாவது! வேலி வந்திருக்கு!" என்று கத்தியதை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது சிலர் கேட்கலாம்: சாவிக்கொத்து அளவு டிஜிட்டல் கேமரா வந்த பிறகு இது எதற்கு? ஆஸ்ட்ரோகேம் என்ற பெயரிலேயே வீடியோ கேமரா வைத்த ராக்கெட் ஒன்றை எஸ்டெஸ் வெளியிட்டதே? உண்மை. அதையும் வாங்கினோம், நன்றாகவே எடுக்கிறது. முழுப் பயணமும் பதிவாகிவிடுகிறது. பதிவாகிவிடுகிறது என்பதால் காற்றைப் பற்றி, வெயிலைப் பற்றி, விநாடிகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவள் அந்த ராக்கெட்டுக்கு நோட்டு போடவே இல்லை. (1970-இல் வந்த சினிராக் என்ற சூப்பர் 8 படக் கேமராவும் முழுப் பயணத்தை எடுத்ததுதான், ஒரு கண்ணாடி வைத்துப் பின்னோக்கிப் பார்க்கும். அதைத் திரும்பக் கேட்பவர்களும் உண்டு. அந்த வேலையை இன்று டிஜிட்டல் கேமரா செய்துவிடுகிறது.)

எங்கள் ஆஸ்ட்ரோகேம் பிப்ரவரி மாதம் உடைந்தது. கடும் குளிரில் பிளாஸ்டிக் பாராசூட் விறைத்துப்போய் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மடிப்பதற்கு முன் டால்கம் பவுடர் தூவ வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த குட்டிக்கூரா பவுடர் டப்பா ஒன்று எங்கள் ராக்கெட் பெட்டியிலேயே எப்போதும் இருக்கும். அன்று அவசரத்தில் தூவ மறந்தேன். பாராசூட் உருண்டையாகவே வந்தது. லென்ஸ் நடுவில் விரிசல்.

சரி, இது திரும்ப வருவது நடக்கிற காரியமா? நடக்கும் என்றுதான் நம்புகிறேன். B14 போன்ற பழைய மோட்டார்கள் நின்றுபோனதால் அவற்றை நம்பிச் செய்த ராக்கெட்டுகளை அன்று பறந்த மாதிரியே பறக்கவிடுவது கஷ்டமாகிவிட்டது. ஆஸ்ட்ரோகேமுக்கு அந்தக் குறை இல்லை. C6-7 இன்றும் விற்கிறார்கள். ஃபிலிம் திரும்பி வந்துவிட்டது. கேமராவைச் சுமக்கும் ராக்கெட் சாதாரண அட்டைக் குழாய். எல்லாம் காத்திருக்கிறது, நடுவில் இருக்கும் கேமரா ஒன்றைத் தவிர. எஸ்டெஸை வைத்திருந்த ஹாபிகோ நிறுவனம் 2018-இல் திவாலானபோது, சிறுவயதிலிருந்தே ராக்கெட் விடும் ஜான் லாங்ஃபோர்டின் குடும்பம் அதை வாங்கியது. இதன் அருமை தெரிந்தவர்கள். ஆனால் புது அச்சுக்கு ஆகும் செலவு குறைவாக இருக்காது. விலை கூடுதலாக இருந்தாலும் வாங்க நான் முதல் ஆளாக நிற்பேன். இரண்டு வாங்குவேன், ஒன்று மகளுக்கு.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். யாரிடமாவது ஷட்டர் பழுதாகி, லென்ஸ் மட்டும் நன்றாக இருக்கும் ஆஸ்ட்ரோகேம் சும்மா கிடந்தால் கமென்டில் சொல்லுங்கள். எங்களுடையதில் ஷட்டர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது டைகர் கேசட்டைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம்.