கிளப், கபடி, கேம்ப் என்று ஓடினால் ப்ளஸ் டூ பிள்ளைகளின் சுபாவம் மாறுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வேலை காரணமாகக் கோவையிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்திருக்கிறார். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த மகனைக் கேரளத்தில் ப்ளஸ் ஒன் சேர்த்திருக்கிறார். “அங்கே வாயாடி என்று பெயர் வாங்கிய பையன் இங்கே வாயே திறப்பதில்லை. என்.எஸ்.எஸ்., விளையாட்டு, கலோத்சவம் என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டால் கூச்சம் போகுமா, இல்லை படிப்புதான் கெடுமா?” என்று கேட்கிறார். (என்.எஸ்.எஸ். என்பது நாட்டு நலப்பணித் திட்டம், கலோத்சவம் என்பது கேரளப் பள்ளிகளின் கலைப் போட்டி விழா.)

நான் வடகரப்பதி பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழ் மீடியம். கேரளத்தில் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தி பிள்ளைகளுக்கே இன்னும் ஆச்சரியம். 2010இல் ப்ளஸ் ஒன்னுக்குச் சித்தூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். இந்த விளக்கத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது மலையாளம், நான் மனதுக்குள் மாற்றிக்கொள்வது தமிழ். மூன்றாவதற்கு வந்து சேர்வதற்குள் டீச்சர் அடுத்த பாராவுக்குப் போயிருப்பார். முதல் ஆறு மாதம் வகுப்பில் என் பெயர் ‘மிண்டாப்பூச்ச’. வாய் திறக்காத பூனை என்று அர்த்தம். நம் ஊர் ஊமைக்கோட்டானுக்கு அக்கா முறை.

எனக்கு மூத்த செட்டில், அதாவது ப்ளஸ் டூவில், இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

ஒருவர் கபடி அண்ணன். எருத்தேம்பதிப் பக்கத்துக்காரர், அப்பா கள் இறக்கும் தோப்பில் வேலை. வகுப்பில் அவரும் பூனைதான். பிசிக்ஸ் லேபில் வைவா கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். ‘பாவம், ஷை’ என்று டீச்சர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே ஆளைக் கிரவுண்டில் பார்க்க வேண்டும். அவர் ரைட் கார்னர். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நாங்கள் நிற்கும் இடம்வரை குரல் வரும்: “உள்ள விடு, உள்ள விடு, இப்பப் பிடி!” டீமில் பாதிப் பேர் மலையாளப் பையன்கள். அவர்களும் கபடிக்கென்று ஒரு இருபது தமிழ் வார்த்தை கற்று வைத்திருந்தார்கள். அதில் நாலைந்தை இங்கே எழுத முடியாது.

இந்தத் தமிழ்க் கட்டளையால் ஒரு கூத்தும் நடந்தது. எதிர் டீமுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் உபஜில்லா, அதாவது துணை மாவட்டப் போட்டியில் சத்தமாகவே திட்டம் போட்டிருக்கிறார்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் புரியாத பையன் எங்கே இருக்கிறான்? எதிர் டீமின் ரெய்டர் சிரித்துக்கொண்டே போனஸ் எடுத்துவிட்டுப் போனான். ஒட்டப்பாலம் பக்கத்து டீமோடு ஆடியபோதுதான் அந்த வித்தை பலித்தது.

பாலக்காடு என்றால் வெளியே எல்லாரும் ஓட்டப் பந்தயத்தைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். முண்டூர், பறளி பள்ளிகள் அப்படிப் பெயரெடுத்தவை. முண்டூர்ப் பள்ளியில் ஓடிப் பழகிய பி.யு. சித்ரா 2017இல் புவனேஸ்வரத்திலும் 2019இல் தோஹாவிலும் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அதெல்லாம் மேற்குப் பக்கத்துக் கதை. கிழக்கே எங்கள் கரிசல் காட்டில் கபடியும் வாலிபாலும்தான். ஷூ வேண்டாம், டிராக் வேண்டாம், தோப்புக்கு நடுவே ஒரு துண்டு நிலம் போதும்.

இன்னொருவர் ஸ்கூல் லீடர் சேச்சி. மலையாளம் பேசும் வீடு, அம்மா டீச்சர். அசெம்பிளியில் மைக் பிடிப்பார், ஒப்பனா என்ற முஸ்லிம் கல்யாண நடனத்தில் நடுவில் மணப்பெண்ணாக உட்காருவார், என்.எஸ்.எஸ்.ஸில் வாலண்டியர் லீடர். பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் என்றுதான் நினைத்திருந்தோம். எனக்கு அவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்ப். வேலந்தாவளம் போகும் பாதையில் ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை, காலையில் உப்புமா, அப்புறம் ரோடு சுத்தம் செய்வது, கிணற்றடிக்குக் கரை கட்டுவது. மூன்றாம் நாள் வீடுவீடாகப் போய் சர்வே எடுக்க வேண்டும். கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து, வீட்டில் எத்தனை பேர் எதுவரை படித்தவர்கள் என்று மலையாளத்தில் அச்சடித்த இரண்டு பக்கப் படிவம். என் குழுவில் சேச்சி, கபடி அண்ணன், இன்னும் இரண்டு பேர். லீடர் சேச்சிதான், சந்தேகமே இல்லை.

முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சேச்சி மேடைக் குரலில், “அம்மே, ஞங்ஙள் என்.எஸ்.எஸ்ஸில் நின்னாணு” என்று தொடங்கினார். பாட்டி உரிப்பதை நிறுத்தவில்லை. சேச்சி படிவத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டார். பாட்டி எங்களைப் பார்த்து, “ஆரு ஊட்டுப் புள்ளைங்க நீங்கெல்லாம்? கடன் சங்கத்துல இருந்து வாறீங்களா?” என்றார். சேச்சியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். மைக் பிடிக்கும் அந்தக் கை படிவத்தின் ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தது. அந்தச் சுருட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். கெமிஸ்ட்ரி வகுப்பில் என் நோட்டு ஓரமெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். நாலு கடலையை எடுத்து உரித்துப் பாட்டியின் முறத்தில் போட்டார். “கடனெல்லாம் இல்லீங் பாட்டி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்?” என்று கேட்டார். அவ்வளவுதான். போர் வற்றியது, லாரித் தண்ணீர் வராதது, மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனது, மருமகள் பேசாதது என்று படிவத்தில் இடமில்லாத விஷயமெல்லாம் வந்தது. அண்ணன் கேட்டுக்கேட்டுச் சொல்ல, சேச்சி எழுதினார். பன்னிரண்டாவது வீட்டுக்குப் போகும்போது அண்ணன் முன்னால் நடந்தார், சேச்சி பின்னால் வந்தார். யாரும் சொல்லி மாற்றவில்லை.

அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது சேச்சி என்னிடம் மெதுவாக, “நீ கிளாஸில் இங்ஙனெ ஆணோ எப்போழும்?” என்று கேட்டார். வகுப்பில் எப்போதும் உனக்கு இப்படித்தான் இருக்குமா என்று. ஆமாம் என்றேன். அதன்பிறகு கேம்ப் முடியும்வரை என்னிடம் தினமும் பத்துத் தமிழ் வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டார். வாங்க, போங்க, தண்ணி, கிணறு, ‘சாப்டீங்களா’.

நாங்கள் சுபாவம் என்று பெயர் வைத்திருந்ததில் பாதி மொழிதான் என்று எனக்கு உறைத்தது அந்தத் திண்ணையில். உங்கள் மகனுக்கு வந்திருப்பதும் கூச்சம்தானா என்று எனக்குச் சந்தேகம். கோவையில் வாயாடியாக இருந்தவன் வாளையார் தாண்டியதும் கூச்சக்காரன் ஆகிவிடுவானா? வகுப்பில் தப்பாக ஒரு மலையாள வார்த்தை சொல்லி எல்லாரும் சிரித்திருப்பார்கள். யாராவது ‘பாண்டி’ என்று (தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் பெயர்) கூப்பிட்டிருப்பார்கள். சித்தூரில் கொங்கன்படை என்று ஒரு பகவதி கோயில் திருவிழா உண்டு, கொங்குப் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடுவது. அந்த வாரம் எங்களைப் பார்த்துக் கூட்டாளிகள் “எந்தா கொங்கா, தோத்தோ?” என்பார்கள். நாங்களும் சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த பையனுக்குச் சிரிப்பு வர ஒரு வருஷம் ஆகும்.

சரி, கிளப் விஷயம். கபடி, வாலிபால் மாதிரி விளையாட்டு முதல் மாதத்திலேயே வேலை செய்யும். அங்கே இலக்கணம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. என்.எஸ்.எஸ்.ஸும் நல்லது. ஒரு யூனிட்டுக்கு 100 பேர்தான், அதனால் பெயர் கேட்கும்போதே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கலோத்சவத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாய்ப்பூட்டு அங்கேதான் உடைந்தது. 1957இல் தொடங்கிய விழா. பள்ளி, உபஜில்லா, ரெவன்யூ ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாகப் போகும். ஜெயிக்கும் மாவட்டத்துக்கு 117½ பவுன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளி. எங்கள் வீட்டு வாட்ஸாப் குழுவில் அன்றைக்கு யாரும் குட்நைட் கூடச் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் இருளர் நிருத்யம், பளியர் நிருத்யம் எல்லாம் போட்டி இனமாக முதல்முறை சேர்ந்தன. இருளர் பிள்ளைகள் அட்டப்பாடிக்காரர்கள், நம் மாவட்டம். டிவியில் அந்தப் பாட்டைக் கேட்ட என் அம்மா, “இதென்ன, பாதி நமக்கே புரியுது!” என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

இந்தக் கலோத்சவத்தில் தமிழ்ப் பத்யம் சொல்லல் என்றும் ஓர் இனம் உண்டு. எங்கள் பள்ளியில் பெயர் கொடுக்க ஆளில்லாமல் என்னைத் தள்ளிவிட்டார்கள். உபஜில்லாவில் மொத்தமே நாலு பேர். மைக் என் வாய்க்கு அரையடி மேலே இருந்தது, இறக்கத் தெரியாமல் அண்ணாந்துகொண்டே சொன்னேன். முதல் இரண்டு வரி நடுங்கியது, அப்புறம் குரல் எங்கிருந்தோ வந்தது. இறங்கியதும் என் பெஞ்சுத் தோழி, “எடீ, நினக்கு இத்ரேம் சப்தமுண்டோ!” என்று தோளில் அடித்தாள். ஏ கிரேடு, முதலிடம். ஜில்லாவில் இரண்டாவது வந்தேன், அதனால் மாநிலத்துக்குப் போகவில்லை. பரவாயில்லை. திங்கட்கிழமை வகுப்பில் யாரும் என்னைப் பூனை என்று கூப்பிடவில்லை.

ஆனால் எல்லாரும் மாறுவார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கேம்பில் ஒரு பையன், மலையாளம்தான் தாய்மொழி, ஏழு நாளும் ஏழு வாக்கியம்கூடப் பேசவில்லை. சமையல் கணக்கு அவன் கையில் இருந்தது. அரிசி, தேங்காய், கேஸ் என்று பைசா பிசகாமல் எழுதிக் கடைசி நாள் சாரிடம் நீட்டினான், போய்விட்டான். அவன் அப்படித்தான், நிம்மதியாகத்தான் இருந்தான். அவனை யாரும் மேடையேற்றப் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம். இன்னொரு வகை, கிரேஸ் மார்க்குக்காக (இதிலெல்லாம் சேர்ந்ததற்குத் தேர்வில் கூட்டித் தரும் மார்க்) எல்லாக் கிளப்பிலும் பெயர் கொடுத்து, போட்டோ எடுக்கும்போது மட்டும் முன்வரிசைக்கு வருபவர்கள். அவர்களும் மாறவில்லை, இப்போதும் போட்டோவில் முன்னால்தான் நிற்கிறார்கள்.

படிப்பு கெடுமா என்றால், கொஞ்சம் கெடும். கபடி அண்ணனுக்கு மேட்ச், பிராக்டீஸ் என்று அட்டெண்டன்ஸ் குறைந்து, கடைசியில் சர்டிபிகேட் போக வேண்டிய இடத்துக்குப் போகாததால் கிடைக்க வேண்டிய கிரேஸ் மார்க்கும் கிடைக்கவில்லை. சர்டிபிகேட்டை ஆபீஸில் கொடுத்தோம் என்று அவர் சொன்னார், வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. கிரேஸ் மார்க் விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் இந்த வருஷத்து உத்தரவைப் பள்ளியிலேயே கேளுங்கள், கிடைக்கும் ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் அன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அண்ணன் இப்போது தேங்காய் வியாபாரம், கோபாலபுரத்துக்கும் பொள்ளாச்சிக்கும் நடையாய் நடக்கிறார். போன பொங்கலுக்கு எங்கள் பக்கத்து ஊர் டோர்னமெண்டில் விசிலோடு நின்றார், ரெப்ரீ. தகராறு பண்ணிய ஒரு பையனை மலையாளத்தில் அப்படி வறுத்தெடுத்தார். ஒரு இடம்கூடத் தட்டவில்லை. சேச்சி பேங்க் வேலையில் இருக்கிறார், சில வருஷம் கோவையில் போஸ்டிங். போன் செய்தால் முதல் வார்த்தை இன்னும் ‘சாப்டீங்களா’தான், அதுவும் என்னைவிட மூத்தவர் எனக்கு ‘ங்க’ போட்டு. திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை.

உங்கள் பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தமிழில் என்ன பேசுகிறான் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். அங்கே பேச்சு இருந்தால் பயப்படாதீர்கள், கிரவுண்டுக்கு அனுப்புங்கள். என்.எஸ்.எஸ். கேம்பு டிசம்பரில் வந்தால் போர்வை ஒன்று கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதம் ஆளையே தூக்கும், பள்ளிக்கூட ஜன்னல் எதுவும் சரியாக மூடாது.