ஒட்டுண்ணித் தொற்றும் அழற்சியும்: கேள்வி பதில்

கேள்வி: மலேரியாக் காய்ச்சல் ஏன் விட்டுவிட்டு வருகிறது?

பதில்: ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போது சிந்தும் கழிவுகளை எதிர்கொள்ளும் மோனோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. காய்ச்சலை மூட்டுவது இவைதான். வைவாக்ஸ் வகையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, மலேரியே வகையில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். உடைப்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை இத்தாலியரான காமில்லோ கோல்ஜி 1880-களிலேயே கவனித்துச் சொல்லிவிட்டார்.

கேள்வி: குடலில் புழு இருந்தால் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடுவது எதனால்?

பதில்: அவ்வளவு பெரிய புழுவை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாது. அதனால் குடல் சுவரிலுள்ள டஃப்ட் செல்கள் இன்டர்லூகின்-25 மூலம் எச்சரிக்கின்றன. அதைத் தொடர்ந்து சுரக்கும் இன்டர்லூகின்-5 ஈசினோஃபில்களைப் பெருக்குகிறது. இன்டர்லூகின்-13 சளியைக் கூட்டி, குடலை வேகமாக அசையவைத்துப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கிறது.

கேள்வி: காய்ச்சல் போன்ற தொல்லைகளைத் தருவது நம் செல்கள்தான் என்றால், அவற்றின் எதிர்வினையான அழற்சியை மொத்தமாக அடக்கிவிடலாமே டாக்டர்?

பதில்: கூடாது. ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற புழுவின் முட்டைகள் கல்லீரலில் சிக்கிக்கொள்ளும். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், மேக்ரோஃபேஜ்கள், ஈசினோஃபில்கள் எல்லாம் அவற்றைச் சூழ்ந்து கிரானுலோமா என்ற கட்டியாகின்றன. நாளடைவில் அந்த இடம் தழும்பாக இறுகி, கல்லீரலுக்குள் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது. நோயாளியை வதைப்பது பெரும்பாலும் இந்தத் தழும்புதான். சரி, கட்டியே வராமல் செய்தால்? டி செல்கள் இல்லாத எலிகளில் முட்டையிலிருந்து கசியும் நஞ்சு கல்லீரல் செல்களை நேரடியாக அழித்தது. அந்த எலிகள் சீக்கிரமே இறந்தன. அழற்சி எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி. ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்து ஆரம்பித்தபின் வலிப்பு கூடிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: முதலில், இன்றே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தக் கட்டிக்குள் உயிரோடிருக்கும் இளம்புழு நம் எதிர்ப்புச் செல்களை அடக்கியே வைத்திருக்கும். அது சாகும்போது உள்ளிருக்கும் புரதங்கள் கசிய, செல்கள் திரண்டு வந்து சுற்றிலும் வீக்கம் உண்டாகிறது. வலிப்பு கூடுவது பெரும்பாலும் அதனால்தான். ஆல்பெண்டசோலோடு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுப்பதும் இதற்காகவே. அவருக்கு அது எழுதப்பட்டிருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள்.

கேள்வி: யானைக்கால் புழுவுக்குள் பாக்டீரியா வாழ்கிறதாமே?

பதில்: ஆமாம், வோல்பாக்கியா. புழு சாகும்போது அதுவும் வெளிப்பட்டு அழற்சியைத் தூண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தால் பாக்டீரியா அழியும், புழுவும் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் மெல்லச் சாகும்.